பால் வற்ற வைத்த மல்லிகை

எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் சமைப்பது நின்றுபோனது அண்ணி மருமகளாக வந்த முதல் மாதத்தில். அதுவரை வாரத்தில் இரண்டு நாளாவது அம்மா அதைப் பொரியல் செய்துவிடுவாள். விலை குறைவு, எண்ணெய் அதிகம் குடிக்காது, நான் கல்லூரிக்கு எடுத்துப் போகிற டப்பாவில் சிந்தாது. அப்படிப்பட்ட காயைத் தள்ளுவண்டிக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள் ஒரு நாள். "அந்தப் பொண்ணுக்குத் தைராய்டாமே. கோசு ஆவாதுன்னு சொல்றாங்க. அதுக்குன்னு தனியா இன்னாத்தப் பண்றது, வூட்டுக்கே வாணாம் வுடு" என்றாள். அடுப்படியில் நின்றுகொண்டிருந்த அண்ணி என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு தோட்டத்துப் பக்கம் ஓடிவிட்டாள். அவளுக்குத் தைராய்டு எதுவும் கிடையாது. சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் அவள் போட்டுக்கொண்ட ஒற்றை மாத்திரை எச்.ஐ.வி.க்கானது. அது அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அம்மாவுக்கு மட்டும் அது தைராய்டு மாத்திரை.

நினைவுக் குறிப்பு என்றால் செத்துப் போனவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. என் அண்ணி உயிரோடுதான் இருக்கிறாள். மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையை ஒட்டிய ஊரில், அதே வீட்டில், நேற்றுகூடத் துணி துவைத்து மாடியில் காயப்போட்டிருப்பாள். நான் எழுதுவது துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு ஓடினாளே, அந்த அண்ணியைப் பற்றி. அவள் இப்போது இல்லை. எழுதட்டுமா என்று கேட்டபோது, "பேரு மட்டும் போடாத. போட்டாலும் யாரு கண்டுபுடிக்கப் போறாங்க" என்றாள்.

அவளுக்கு அந்தக் கிருமி அவளைப் பெற்ற அம்மாவிடமிருந்து வந்தது. அவள் பள்ளிக்கூடம் சேருவதற்குள் அப்பா, அம்மா இருவருமே அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். வேடந்தாங்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சித்திதான் வளர்த்தார். சித்தி கொடுமைக்காரி இல்லை. தனித் தட்டு, தனி டம்ளர், தனிச் சோப்பு, தனிப் பாய் என்று எல்லாவற்றையும் பாசமாகத்தான் கொடுத்தார். பரிதாபப்பட்டுத் தலையைத் தடவுவார், தடவிய கையைக் கழுவிவிட்டு வருவார். "உங்கம்மா உனக்குப் பால்லயே குடுத்துட்டாடீ" என்று சொல்லி அழுவாராம். பாலில் வந்ததா, பிறக்கும்போதே வந்ததா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சின்ன வயதில் தினம் கேட்ட சொல் மனதில் தங்காமல் போகுமா? அண்ணி அதை மறக்கவே இல்லை.

படிப்பு முடித்ததும் கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ரிசார்ட்டில் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். போர்வையும் துண்டும் மடிக்கிற வேலை. அங்கே மின்சார வேலை பார்த்த என் அண்ணன், பழுதாகாத இயந்திரத்தையும் பழுது பார்க்க அடிக்கடி போக ஆரம்பித்தார். ஒரு நாள் அண்ணி நேராகவே கேட்டுவிட்டாள். "கல்யாணம் கில்யாணம்னு எதுனா நெனப்பு கீதா? கீதுன்னா மொதல்ல இதக் கேட்டுக்க" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அண்ணன் ஒரு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. அதற்குப் பிறகு அவளோடு செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குப் போனார். அங்கே ஆலோசகர் ஒருவர் அவரை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாராம். மாத்திரையை நாள் தவறாமல் போட்டுவந்தால் ரத்தத்தில் கிருமி அடங்கிக்கொண்டே போய், பரிசோதனையில் தட்டுப்படாத அளவுக்கு வந்துவிடும். அந்த நிலையில் இருக்கும்வரை உடலுறவில்கூடக் கணவனுக்குத் தொற்றாது. பிள்ளை பெற்றுக்கொள்ளலாம், மருந்து தொடர்ந்தால் பிள்ளைக்குப் போகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு. கூடச் சாப்பிடுவதாலும் தொடுவதாலும் அது எந்தக் காலத்திலும் யாருக்கும் ஒட்டியதில்லை.

இதையெல்லாம் அண்ணன் என்னை வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அதற்குள் அவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. கதிர்வீச்சை அளக்கிற பேட்ஜ் ஒன்றைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் அங்கே உள்ளே போக முடியும். "கண்ணுக்குத் தெரியாதத அளந்து பாத்து, இல்லன்னா இல்லன்னு நம்பித்தான தெனம் உள்ள போயிட்டு வரேன். இதுவும் அப்புடித்தான்" என்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் அவர் சொன்ன நியாயத்தில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் சேர்ந்தே முடிவு செய்தோம்.

நான் செங்கல்பட்டில்தான் படித்தேன். அதனால் அண்ணி மருந்து வாங்கப் போகிற நாட்களில் இருவரும் ஒரே பேருந்தில் போவோம். திருக்கழுக்குன்றத்தில் கொய்யாப்பழம் விற்கிற அம்மா ஒருவர் பேருந்து ஜன்னலுக்கு வருவார். அண்ணி ஒரு பழம் வாங்கிக் கடித்துவிட்டு மீதியை என் வாயில் திணிப்பாள். வாங்கித் தின்றுகொண்டே நான் திருதிருவென்று விழித்தால் கன்னத்தைக் கிள்ளுவாள். தனி டம்ளரிலேயே வளர்ந்தவளுக்கு, தான் கடித்ததை இன்னொருத்தி தின்பதைப் பார்ப்பதில் அவ்வளவு ஆனந்தம். மருந்து வாங்குகிற இடத்தில் பெண்கள் பலர் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். செய்யூரில் இருப்பவர் செங்கல்பட்டுக்கு வருவார், செங்கல்பட்டில் இருப்பவர் சென்னைக்குப் போவார். தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக ஊர் மாற்றி ஊர் அலைகிற கூட்டம் அது. அண்ணி மட்டும் மூடாத முகத்தோடு, பக்கத்தில் இருப்பவரிடம் எந்தக் கடையில் துணி மலிவு என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டுவிட்டு வெளியே வந்தவள், என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். "தட்டுப்படலையாம்! போன தடவையும் தட்டுப்படல, இந்தத் தடவையும் தட்டுப்படல. எங்கிட்டேர்ந்து யாருக்கும் ஒண்ணும் போவாது, தெரியுமா?" என்றாள். காவலாளி திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அதெல்லாம் லட்சியமே இல்லை.

அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் அம்மா அவளைத் தரையில் நடக்க விடவில்லை. நெத்திலி வாங்கிக் குழம்பு வைப்பாள், மாதுளம்பழத்தை உரித்து முத்து முத்தாகக் கிண்ணத்தில் போட்டுக் கொடுப்பாள், குனிந்து கோலம் போட்டால் திட்டுவாள். பெற்ற மகள் நான் ஒருத்தி அங்கே நிற்பதே அவள் கண்ணுக்குத் தெரியாது. அண்ணிக்கு அந்த நாட்களில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "எங்கம்மா பால்ல எனக்குக் குடுத்துட்டாங்கன்னு சித்தி சொல்லிக்கினே இருக்கும். எங்கம்மாவுக்கு அப்போ மருந்து கெடைக்கல, பாவம். எனக்குத்தான் கீதே. எம்புள்ளைக்கு நானே பாலு குடுக்கணும். வேற எதுவும் வாணாம் எனக்கு." மருத்துவரிடமும் கேட்டு வைத்துக்கொண்டாள். தாராளமாகக் கொடுக்கலாம், மாத்திரையை விடக்கூடாது, ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் கலந்து கொடுக்கக் கூடாது என்று சொன்னாராம். பேருந்தில் வீடு வந்து சேரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு. சம்பந்தி இல்லாத குறை தெரியக் கூடாது என்று அம்மாவே எல்லாவற்றையும் செய்தாள். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று அண்டா அண்டாவாகக் கிளறி வைத்திருந்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அண்ணியின் சித்தியும் முதல் பேருந்திலேயே வந்து இறங்கிவிட்டார். சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து, ஒவ்வொருவராகக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டார்கள். மாடியில் குடியிருந்த அக்காவின் முறை வந்தது. அண்ணியின் கை அந்த மாதத்தில் கொஞ்சம் வீங்கியிருந்தது. விரல்களைக் கூட்டிப் பிடித்து அக்கா அழுத்தியபோது வளையல் ஒன்று உடைந்து மணிக்கட்டில் குத்திவிட்டது. பொட்டளவு ரத்தம். எந்த வளைகாப்பில்தான் ஒரு வளையல் உடையாது? "ஐயோ, இரும்மா" என்று அக்கா தன் புடவைத் தலைப்பால் துடைக்கப் போனார்.

"தொடாதம்மா! தொடாத! கைய எடு!" என்று சித்தி கத்தினார்.

சித்தி வேண்டுமென்று செய்யவில்லை. இருபது வருடப் பழக்கம். அந்தப் பெண் விளையாடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்த போதெல்லாம் மற்ற பிள்ளைகளைப் பார்த்து அவர் கத்திய கத்தல்தான் அது, தானாக வெளியே வந்துவிட்டது. கத்திய பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். அதுவே போதுமானதாக இருந்தது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அம்மா, அப்பா இருவருமே சின்ன வயதில் இறந்துவிட்ட பெண், தினமும் மாத்திரை, மாதாமாதம் செங்கல்பட்டு. கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? மாடி அக்கா தன் கையை முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே குழாயடிக்குப் போனார். அவர் கையில் ஒரு கீறல்கூட இல்லை. கலந்த சாதத்தைக் கட்டிக்கொண்டு போக யாரும் நிற்கவில்லை. அண்ணி சந்தனம் காயாத கன்னத்தோடு மனையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அம்மா சித்தியைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்க் கேட்டாள், சித்தி சொல்லிவிட்டார். அம்மா சத்தம் போடவில்லை. எங்கள் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. மறுநாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். தட்டில் முட்டைக்கோஸ் பொரியல் இருந்தது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதை அம்மா எங்களுக்குத் தெரிவித்த விதம் அது.

பேறுகாலத்துக்குச் சித்தி வீட்டுக்குத் தள்ளிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். தள்ளவில்லை. "எம்புள்ளையோட கொழந்த, எங்க வூட்லதான் பொறக்கணும்" என்று சொல்லிவிட்டாள். திருக்கழுக்குன்றத்துப் பாத்திரக் கடைக்குப் போய் நல்ல கனமான எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்கி, அண்ணியின் பெயரை வெட்டிக் கொண்டுவந்தாள். சீர் கொடுப்பது போல அதை அவள் கையில் கொடுத்தாள். "மாறிப் போவாம இருக்கட்டும்னுதாம்மா. மனசுல எதுவும் வெச்சிக்காத" என்றாள். அண்ணனின் பாய் கூடத்துக்கு வந்தது. அண்ணன் கோபப்பட்டார், சட்டையில் பேட்ஜைக் குத்துகிற இடத்தைக் காட்டிக் காட்டிப் பேசினார். "இத்தப் பாத்து ஜீரோன்னு சொன்னா நம்புறல்ல? அவ ரத்தத்தப் பாத்து ஒண்ணும் தட்டுப்படலன்னு சொன்னா மட்டும் ஏன் நம்ப மாட்ற?"

"அது கவர்மெண்ட்டு குடுத்தது" என்றாள் அம்மா.

"இதுவும் கவர்மெண்ட்டு ஆஸ்பத்திரிதாம்மா!"

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அவளை ஒரு தடவை ஆலோசகரிடமே கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றாள், அங்கே கொடுத்த டீயைக் குடித்தாள். திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே, "அவுங்க வேலைய அவுங்க பாக்கறாங்க, பாவம்" என்றாள். இப்படிப்பட்டவளோடு சண்டை போடவும் முடியாது. சண்டைக்கு எதிராளி வேண்டுமே.

பெண் குழந்தை பிறந்தது. அரசு மருத்துவமனையில் தாயும் சேயும் இருந்த அந்தச் சில நாட்கள் அண்ணி குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான் பார்க்கப் போனபோது குழந்தை வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதன் தலையைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிச் சைகை காட்டினாள். "எப்புடி உறியுது பாரு. இன்னா பலம்!" என்று ரகசியம் போலச் சொன்னாள். குழந்தையின் காது மடலில் இருந்த பூனை முடியைக்கூட எனக்குக் காட்டினாள். நான் அவளை முழுதாகப் பார்த்தது அன்றுதான் கடைசி.

வீட்டுக்கு வந்த அன்றே அம்மா பால்பவுடர் டப்பாவும் புட்டியும் வாங்கி வைத்திருந்தாள்.

"டாக்டரம்மா தாய்ப்பால் மட்டுந்தான் குடுக்கச் சொன்னாங்க அத்த" என்றாள் அண்ணி.

"டாக்டரம்மா அவுங்க கொழந்தைக்கா குடுக்கச் சொன்னாங்க?" என்றாள் அம்மா.

அண்ணன் கத்தினார், நான் கத்தினேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சாப்பிடவில்லை, மாத்திரை போடவில்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு. மறுநாள் எழுந்து நிற்க முடியாமல் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். அண்ணன் கூடத்துக்கும் அறைக்கும் நடந்தார், நடந்தார், கடைசியில் அண்ணியின் எதிரே போய் உட்கார்ந்து, "கொஞ்ச நாளு பொறுத்துக்கயேன். அம்மா மனசு மாறட்டும்" என்றார். அவருக்கு நோய்க்குப் பயம் இல்லை. எத்தனையோ தடவை பரிசோதித்துக்கொண்டவர், அவருக்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அம்மாவை எதிர்க்கத்தான் தெம்பில்லை. அந்தத் தெம்பின்மையை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பால் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளுமா?

அண்ணிக்கு மார் கட்டிக்கொண்டது. பக்கத்து அறையில் குழந்தை அழுதால் இங்கே இவளுடைய ரவிக்கை நனையும். புட்டியைக் குழந்தை துப்பித் துப்பி அழும், அம்மா தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே நடப்பாள். அண்ணிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. அப்போதுதான் அம்மா மல்லிகைப் பூ வாங்கி வந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்குப் பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகையை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். குழந்தை அடுத்த அறையில் பூரண சுகத்தோடு கிடக்கும்போது இவளுக்கு அதைச் செய்யப் போனாள். நான் அந்தப் பூவைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். வாய்க்கு வந்ததைப் பேசினேன். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு போய் வேறு பூ வாங்கி வந்தாள். அண்ணியின் தலைமாட்டில் உட்கார்ந்து, தன் கையாலேயே அவள் மார்பில் பூவைப் பரப்பி, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினாள். கட்டும்போது அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "நானு வாழ்ந்து முடிச்சவ, எனக்கு இன்னா வந்தா இன்னா. எனக்குப் பயமே கெடையாது. அந்தப் பச்ச மண்ணுக்கு ஒண்ணும் வந்துடக் கூடாதும்மா" என்று சொல்லிச் சொல்லிக் கட்டினாள். அவள் சொன்னது பொய்யில்லை. தனக்காக அவள் பயப்படவே இல்லை. அவள் பொல்லாதவளாக இருந்திருந்தால் அண்ணி எதிர்த்து நின்றிருப்பாள் என்று எனக்குத் தோன்றும். தன் தாய் கைபட்ட நினைவே இல்லாதவள், ஒரு தாய் அழுதுகொண்டே தொட்டுச் செய்ததைத் தள்ளிவிட அவளால் முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். அந்த வாரம் வீடு முழுவதும் கல்யாண வீடு போல மணத்தது. பால் வற்றிவிட்டது.

குழந்தைக்கு முதல் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. பிறகு எடுத்த பரிசோதனைகளிலும் இல்லை. கடைசிப் பரிசோதனையும் முடிந்து, இனிமேல் கவலையே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நான் ஊரப்பாக்கத்தில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கியிருந்த சமயம் அது. செய்தி கேட்டதும் இனிப்பு வாங்கிக்கொண்டு ஓடினேன். இப்போதாவது அம்மா ஒத்துக்கொள்வாள், மருந்தின் அருமை புரிந்துவிடும் என்று முட்டாள்தனமாக நம்பிக்கொண்டு போனேன். அம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். "பாத்தியா? அன்னிக்கு என்னாண்ட அந்தக் குதி குதிச்சியே. பாலு குடுக்க வுடாம நான் தடுத்தேனோ, கொழந்த தப்பிச்சுதோ. வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்றாள்.

மாத்திரை தவறாமல் போட்டவள் அண்ணி. குழந்தைக்குக் கிருமி வராமலிருக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த சொட்டு மருந்தை நேரம் பார்த்துக் கொடுக்க வைத்தவளும் அவள்தான். பிழைக்க வைத்தது மருந்து, பெயர் வாங்கிக்கொண்டது பயம். பரிசோதனை முடிவு நல்லதாக வர வர அம்மாவின் நம்பிக்கை உறுதியாகிக்கொண்டே போனது. கெட்டதாக வந்திருந்தாலும் அதே நம்பிக்கைதான் உறுதியாகியிருக்கும். என்ன முடிவு வந்தால் அம்மா மாறியிருப்பாள் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அப்படி ஒரு முடிவு இந்த உலகத்தில் எந்த ஆய்வுக்கூடத்திலும் இல்லை.

அன்று அண்ணி உள்ளே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "நீங்க சொல்லுங்க அண்ணி, உங்களுக்குத் தெரியாதா?" என்றேன். கையிலிருந்த பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். "அத்த சொல்றதுலயும் ஞாயம் கீதோ என்னமோ. நானு குடுத்திருந்து, எதுனா ஆயிருந்தா? எதுக்கு வம்பு?" என்றாள். செங்கல்பட்டு மருத்துவமனை வாசலில் என்னைப் பிடித்துச் சுற்றியவள்தான் இப்படிப் பேசினாள். அதிலிருந்து எதற்கெடுத்தாலும் அவளுக்கு 'எதுக்கு வம்பு' என்பதே பதிலாகிப் போனது. என் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொள்ளச் சொன்னாலும் அதுதான் பதில். குழந்தையின் துணியைத் தன் துணியோடு சேர்த்துத் துவைக்க மாட்டாள். குழந்தை தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள், விழித்துக்கொண்டால் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். மாத்திரையை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பரிசோதனையிலும் கிருமி தட்டுப்படவில்லை என்றே வருகிறது. நான் தொலைபேசியில் கேட்டால், "ஆங், ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்பாள், கரண்டு கட்டணம் கட்டிவிட்டேன் என்று சொல்வதுபோல.

நான் மருத்துவத்தைக் குறை சொல்ல மாட்டேன். அது தான் சொன்னதைச் செய்துகாட்டியது. அண்ணனுக்கு வரவில்லை, குழந்தைக்கு வரவில்லை, அண்ணியும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறாள். அவள் ரத்தத்தில் கிருமியை அடக்கி வைக்க மாத்திரை இருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கிற பயத்தை அடக்க எதுவும் இல்லை. அது அண்ணியிடமிருந்து யாருக்கும் தொற்றவில்லை, நாங்கள்தான் அவளுக்குத் தொற்ற வைத்தோம். இனி அது அவளைவிட்டுப் போகும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். குழந்தைக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது, வாய் ஓயாத பேச்சு. என்னை அத்த என்றும் என் அம்மாவை ஆயா என்றும் கூப்பிடும். சாயங்காலம் அண்ணியையும் குழந்தையையும் கட்டாயப்படுத்திக் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சவுக்குத் தோப்பைத் தாண்டித்தான் மணலுக்குப் போக வேண்டும். நான் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் வந்தேன். குழந்தை முன்னால் ஓடியது, அதன் பக்கத்தில் அண்ணி நடந்தாள். வெட்டிவிட்டிருந்த சவுக்கு மரத்தின் அடிக்கட்டை தடுக்கிக் குழந்தை குப்புற விழுந்தது. எழுந்தபோது கீழுதடு கிழிந்து, ரத்தம் முகவாயில் வழிந்தது. வீறிட்டு அழுதது. அண்ணி ஓரடி தூரத்தில் நின்றிருந்தாள். ரத்தம் குழந்தையுடையது, அவளுடையது இல்லை. தொட்டால் என்ன ஆகிவிடும்? அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "அத்தகிட்ட போ பாப்பா, அத்தகிட்ட போ" என்றாள்.

அவள் சொல்வதற்கு முன்பே குழந்தை கிளம்பிவிட்டிருந்தது. தன் அம்மா நின்ற பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவளைச் சுற்றிக்கொண்டு, மணலில் தள்ளாடியபடி அவ்வளவு தூரம் என்னிடம் வந்தது. தூக்கிக்கொண்டேன். தண்ணீர் பாட்டிலைத் திறந்து உதட்டைக் கழுவினேன், கைக்குட்டையால் அழுத்திப் பிடித்தேன். அழுகை விசும்பலாகக் குறைந்த பிறகு, அண்ணி காதில் விழட்டும் என்றே கேட்டேன். "பக்கத்துலயே அம்மா நின்னாங்களே. அம்மாகிட்ட ஏன் போவல?"

"அம்மா தொடக் கூடாது அத்த. அம்மா தொட்டா பாப்பாவுக்குச் சீக்கு வந்துடும். ஆயா சொல்லிச்சு."

நான் அண்ணியைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அண்ணி கிட்டே வந்தாள், ஆனால் கைக்கெட்டாத தூரத்திலேயே நின்றுகொண்டாள். "ஆமாண்டா தங்கம். எவ்ளோ கரெக்டா சொல்லுது பாரு" என்றாள். சொல்லிக்கொடுத்ததை மகள் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.